துட்டி வீட்டில் டிரம்பெட்

என் பிரியமான அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. மதுரை பஸ்ஸை விட்டு இறங்கியதும் உனக்குத்தான் முதலில் போன் போட்டிருப்பேன். நீ என்னைத் திட்டியிருப்பாய், நான் அழுதிருப்பேன், அதோடு மனசு ஆறியிருக்கும். அன்றைக்கு வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஆடிஷனில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையாக இருந்தாலும் முடிவை முதலில் கேட்கிற ஆள் நீ.

அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பியதே நீதானே? சென்னையில் ஓர் இசைக்குழு, டிரம்பெட் வாசிக்க ஒரே ஒரு ஆள், மாதச் சம்பளம், மதுரையில் தேர்வு. நரிக்குடியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே போனில் கத்தினாய். "ஏண்டி, எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தே கெழவி ஆகப்போறியா? எழுதிப் போடுடி. கெடைச்சா நானும் மெட்ராஸ் பாத்த மாதிரி இருக்கும்ல?"

பள்ளிக்கூட பேண்டில் நீ சைடு டிரம், நான் டிரம்பெட். உன் டிரம் உன் கல்யாணத்தோடு போயிற்று. அதைப் பற்றி நீ ஒருநாளும் வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஏன் கேட்காமல் இருந்தேன்?

என் பிழைப்பு உனக்குத் தெரியாததா? காலையில் பிரேயர் பாட்டு, அப்புறம் வகுப்பு மாற்றி வகுப்பு, கடைசியில் பேண்டுப் பிள்ளைகள். சாயங்காலம் வீட்டில் கீபோர்டு டியூஷன். டிரம்பெட்காரிக்கு உதடுதான் மூலதனம். ஒருநாள் கூடுதலாக ஊதினால் மறுநாள் மரத்துப்போகும், நாலு நாள் ஊதாமல் விட்டால் ஆளையே மறந்துபோகும். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு ஊதிக் காட்டிவிட்டு, எனக்கென்று எடுக்கும்போது வெறும் காற்றுதான் வரும். ஊருக்கெல்லாம் கொடுத்து மிஞ்சின கஞ்சித் தண்ணியில்தான் நான் பயிற்சி செய்தேன்.

இந்த லட்சணத்தில் நீ செத்துப்போனாய். காய்ச்சலோடு களை வெட்டப் போகச் சொல்லி உனக்கு யார் சொன்னது? "ரெண்டு மாத்திரை போட்டாச் சரியாயிரும்னு அவளேதான் சொன்னா" என்கிறார் மச்சான். நீ சொன்னால் அவர் கேட்டுக்கொள்வதா? அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அடங்கவில்லை. உன்மேல் உள்ளதும்தான்.

அப்புறம் சாவு விசாரிக்க, துட்டி கேட்க ஆள் வரத் தொடங்கியது. உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு வரவுக்கும் வீட்டுப் பெண்கள் எழுந்து கட்டிப்பிடித்து அழுதாக வேண்டும். அழுது முடித்தால் மூக்கு அடைத்து, உதடு ஊதி, மவுத்பீஸை வைக்க இடம் இருக்காது. உதடு ஆறி வரும் நேரத்தில் வாசலில் அடுத்த ஆட்டோ நிற்கும். உனக்காக அழுவது எனக்குப் பாரமில்லை அக்கா. அதை அவர்களுடைய பஸ் நேரத்துக்கு அழவேண்டியிருந்ததுதான் பாரம்.

முப்பதாம் நாள் காரியம் கழியும்வரை வீட்டில் ஊதக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தேர்வோ அதற்கு முன்னாலேயே வருகிறது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்னால் இருக்கிற விசைத்தறிச் செட்டில் தறி ஓடும்போது புழக்கடையில் நின்று ஊதினால் யாருக்கும் கேட்காது. எனக்கே கேட்காது என்பது வேறு விஷயம். ஒருநாள் மத்தியானம் மேல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பொசுக்கென்று கரண்டு போய்விட்டது. தறியெல்லாம் நின்றுவிட, தெரு முழுக்க என் டிரம்பெட் மட்டும் முழங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் பரளச்சிப் பெரியம்மா துட்டி கேட்க வாசலில் வந்து நிற்கிறாள்.

"நல்லா இருக்குடியம்மா. கூடப்பொறந்தவ மண்ணு காயல, அதுக்குள்ள இங்க கல்யாண பேண்டா?"

அம்மா நேராக என்னிடம் வந்தாள். டிரம்பெட்டை வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். மறுநாள் அதை நானே எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மட்டும்தான் எனக்காக ஊதினேன்.

தேர்வுக்கு முந்தின நாள் பள்ளியில் விளையாட்டு விழா. லீவு கேட்டேன். "பேண்டு இல்லாம மார்ச் பாஸ்ட்டா மிஸ்? காலையில பத்து மணிக்கு முடிஞ்சிரும்" என்றார் தாளாளர். சரி, முன்னணி டிரம்பெட் ஊத நம் முத்துமாரி இருக்கிறாளே என்று தைரியமாக இருந்தேன். என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள், இப்போது காலேஜில் இருக்கிறாள், விழா என்றால் வந்து ஊதிக்கொடுப்பாள். காலையில் அவளிடமிருந்து மெசேஜ்: "உடம்பு சரியில்ல மிஸ், சாரி." மற்றது எல்லாம் பொடிசுகள். நான்தான் ஊதினேன். சிறப்பு விருந்தினர் வந்தது வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு. அவர் வரும்வரை பிள்ளைகள் சோர்ந்துவிடக் கூடாது என்று ஊதிக்கொண்டே இருந்தேன். புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதே. ஐந்நூறு பிள்ளைகள் வெயிலில் கால் மாற்றி நிற்கும்போது டீச்சருக்குப் புத்தி வேலை செய்யாது.

மறுநாள் மதுரையில் அந்த ஹாலுக்குள் நுழைந்தால், வரிசையில் முத்துமாரி உட்கார்ந்திருக்கிறாள்.

"உடம்பு தேவலையா?" என்றேன்.

அவளுக்கு முகம் செத்துவிட்டது. "ஒடம்புக்கு ஒன்னுமில்ல மிஸ். நீங்கதான சொல்லுவீக, முக்கியமான நாளுக்கு முந்தின நாள் ஒதட்டுக்கு லீவு விடணும்னு. எழுதிப் போட்டதச் சொல்லப் பயமா இருந்துச்சு. நீங்க வருவீகன்னு சத்தியமா தெரியாது மிஸ்."

தெரிந்திருக்க வழியில்லைதான். நானும் அவளிடம் சொல்லவில்லையே. இருப்பது ஒரு நாற்காலி, அதை யார் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள்?

எனக்கு முதல் பகுதி நன்றாகத்தான் போனது. மேல் சுரத்துக்கு ஏறும்போது உடைந்தது. இன்னொரு முறை கேட்டு வாங்கி ஊதினேன், மறுபடியும் உடைந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த தேர்வாளர் பெண்மணி தன்மையாகத்தான் கேட்டார், "உதடு ரொம்பக் களைச்சிருக்கே, நேத்து நிறைய வாசிச்சீங்களா?"

"ஸ்கூல் ஃபங்ஷன் மேடம்."

"ஓ, டீச்சரா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்த "ஓ" இன்னும் என் காதில் இருக்கிறது.

முத்துமாரிக்கு இடம் கிடைத்துவிட்டது. பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அவள் முகம் பெரிதாக, அடியில் "பயிற்சி அளித்த ஆசிரியை" என்று என் பெயர், எல்லாவற்றுக்கும் மேலே தாளாளர் கும்பிடு போட்டுச் சிரிக்கிறார். தினமும் அதன் அடியில்தான் வண்டியை நிறுத்துகிறேன். எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நானும் பல்லைக் காட்டுகிறேன். அவள்மேல் பொறாமை இருக்கிறது அக்கா, நிறைய இருக்கிறது. அவள் நன்றாக ஊதினாள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு பிரேயர் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது லேசான வேலையா?

நேற்றுச் சாயங்காலம் அவள் சென்னையிலிருந்து போன் செய்தாள். "மிஸ், இங்க குடுத்த பாட்டுல ஒரு எடத்துல மேல ஏறவே மாட்டேங்குது. எல்லாரும் என்னையே பாக்குறாக. எப்படின்னு ஒரு தடவ ஊதிக் காட்டுறீகளா மிஸ்?" அழுகிற குரல். முப்பதும் கழிந்துவிட்டது, வீட்டில் தடை சொல்ல ஆளில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, பள்ளியிலிருந்து திரும்பக் கொண்டுவந்திருந்த டிரம்பெட்டை எடுத்தேன்.

வந்தது அக்கா. அந்த ஹாலில் இரண்டு முறை உடைந்த அதே சுரம், ஒரு பிசிறில்லாமல் ஏறி நின்றது. நானாக இறக்கும்வரை நின்றது.

"சூப்பர் மிஸ், புரிஞ்சிருச்சு" என்று வைத்துவிட்டாள்.

யாரிடம் போய்ச் சொல்வேன், எனக்கு அது வருகிறது என்று? உன்னிடம் சொல்கிறேன். நீயாவது கேட்டுக்கொள். இனிப் பிள்ளைகளுக்கு வாயால்தான் பாடம், ஊதிக் காட்டமாட்டேன், தாளாளரிடம் சொல்லியும் விட்டேன். எந்த ஊரில் எந்தக் குழு அடுத்த நாற்காலியைப் போட்டாலும் போய் நிற்பேன். அன்றைக்கு இந்தச் சுரத்தை எனக்காக ஊதுவேன், இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, உன்னிடம் சொல்லாமல் எதுவும் செய்யத் தெரியாத
உன் தங்கச்சி