பூட்டனார் வாங்கிய பதினொரு கோல்

என் தங்கை பெற்ற ராசாத்தி மருமகளுக்கு,

நீ விரும்பிய வெள்ளைக்கார மாப்பிள்ளையின் வீட்டாரை விசாரிக்க மெல்பேர்ன் மீது படையெடுத்துப் போய் வந்தேன். அவனுடைய பூட்டன் இங்கிலாந்தில் பெரிய உதைபந்தாட்டக்காரராம். நூறு வருசத்துக்கு முன் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்து கோச்சாகவும் இருந்தாராம். கதிரை நுனியில் உட்கார்ந்து கேட்டேன், ஒரு சொல்லையும் நம்பவில்லை. ஊரில் கொடிகாமச் சந்தையே என்னுடையது என்று சொல்லி உன் மாமியைப் பெண் கேட்டவன் நான். புளுகின் மணம் எனக்குத் தெரியாதா?

"கோச்சாகி எத்தனை கப் வென்றவர்?" என்று மடக்கினேன்.

மாப்பிள்ளைப் பெடியன் நீ பழக்கிய தமிழிலேயே சொன்னான்: "ஒண்டும் இல்லை அங்கிள். முதல் மட்சிலயே பதினொரு கோல் வாங்கித் தோத்தவர்."

அந்தத் தோல்விச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்!

ஆயிரம் புளுகு புளுகியிருக்கிறேன். தோற்றதாக ஒன்றுகூட இல்லை. அம்மாவைக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொல்.

தோற்றுப்போன
உன் மாமன்