பூச்சூடிய மாடுகள்

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகன் மாச்செய் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இத்தாலியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கூரை வேலைக்கு நடுவே கிடைத்த விடுப்பில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். அப்படியே ஆஸ்திரிய மலையில் மாடு மேய்க்கும் நம் பக்கத்து வீட்டுக் காசிக்கையும் பார்த்தேன். கோடை முடிந்து மாடுகள் மலையிறங்கும் நாள் அது. அன்று மாடுகளுக்குப் பூச்சூட்டி அழைத்து வருவது வழக்கம். மேலே ஒரு சாவு விழுந்திருந்தால், அது மாட்டின் சாவானாலும், அந்த வருஷம் பூச்சூட்ட மாட்டார்கள். வந்த மாடுகளுக்கோ தலை நிறையப் பூ.

"பரவால்லடா, இந்த வருஷம் சேதம் ஒண்ணும் இல்ல போல!" என்றேன்.

காசிக் முறைத்தான். "என்கூட மேய்ச்ச ருமேனியாக்காரன் டோடெர் செத்துட்டான்டா. பாறையில மாட்டுன கன்னுக்குட்டிய மேல தூக்கி விட்டுட்டு அவன் விழுந்துட்டான். அதோ, பெரிய மாலையோட வருதே, அதுதான் அந்தக் கன்னு."

பிறகு எதற்குப் பூ என்று பண்ணைக்காரர் ஆலோய்ஸிடம் காசிக் கேட்டானாம். "நல்ல பையன்தான், பாவம். ஆனா நம்ம வீட்டு ஆள் இல்லையேப்பா" என்றாராம்.

"நாளைக்கு நான் விழுந்தாலும் இதே பூதான்" என்றான் காசிக்.

அந்த ஆலோய்ஸ் எனக்கும் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். குடித்துத் தொலைத்தேன்.

காசிக்கின் அம்மாவிடம் அவன் நன்றாகச் சதை போட்டிருக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்புங்கள். கிழிந்தால் இங்கே தைத்துத் தர ஆளில்லை.

கூரையில் ஏறச் சொல்லிக் கத்துகிறார்கள். நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது டோடெருக்கும் ஒன்று ஏற்றுங்கள். யாரென்று கேட்டால், நம் வீட்டு ஆள் என்று சொல்லுங்கள்.