கலை ஏறினால்தான் படகு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. புதுவாயலில் கம்பெனி பஸ் லேட். அதற்குள் நான் திட்டமே போட்டுவிட்டேன். ஸ்டெல்லாவின் தம்பி அருளுக்குப் பழவேற்காட்டில் பாய்ப்படகு இருக்கிறது. அதில் நான், ஸ்டெல்லா, தேவி, கலை. ஏரியில் மூணு நாள் சுற்றல், ராத்திரி கரையில் ஸ்டெல்லாவின் அத்தை வீட்டில் படுக்கை.

வருஷக்கணக்காக நாலு பேரும் ஒரே லைன், ஒரே டிபன் பாக்ஸ். கலைக்கு ஓசூர் பிளான்ட்டுக்கு மாற்றல், புரமோஷனோடு. இந்த மாதக் கடைசியில் போகிறாள். அதற்குள் போயாக வேண்டும்.

அவள்தான் வாயே திறக்கவில்லை. கடைசியில் "பாக்கலாம்டி" என்றாள். கலை 'பாக்கலாம்' சொல்லி எதுவும் நடந்ததில்லை.

5, வியாழன்

லீவு கேட்டோம். சூப்பர்வைசர்: "நாலு பேரும் ஒண்ணா பூட்டா லைன நான் ஓட்டட்டுமா?" தேவி: "ஓட்டுங்க சார், நாங்களும் பாத்துக் கத்துக்கறோம்." கிடைத்துவிட்டது. 13 முதல் 15 வரை.

வீட்டில் இவர்: "மூணு நாளு சோறு?" குக்கரைக் காட்டினேன்.

எடுக்க: புளிசாதம், தொப்பி, வாந்தி மாத்திரை. தேவிக்கு டபுள்.

கேன்டீனில் கலையோடு சரியாகப் பேசவில்லை. கோபம்தான். இப்போதே ஓசூர்க்காரி ஆகிவிட்டாளா?

8, ஞாயிறு

வெயில். ஸ்டெல்லா வீட்டில் மீன் குழம்பு. படகில் யார் எப்போது பாய்க் கயிறு பிடிப்பது என்று தேவி ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் பிரித்தாள். அருள் சிரித்தான். "அக்கா, காத்து உங்க சைரனுக்கு வராது."

கலை வரவில்லை. தலைவலியாம்.

10, செவ்வாய்

பேஜாரு. மதியம் அருள் போன். வெள்ளிக்கிழமை அவன் முறையாம். ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்தில் வலை போட ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். விட்டால் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"ஷிஃப்ட் மாதிரி மாத்திக்கோயேன்பா" என்றேன்.

"அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கக்கா."

எங்களுக்கோ வேறு நாள் லீவு கிடையாது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். கலைக்கு நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் போனைப் பிடுங்கினாள்.

"வலை இழுக்க எத்தினி பேர் வேணும் உனக்கு?"

"நாலு பேர் வேணும்க்கா."

"நாங்க நாலு பேர் கீறோம். மொத நாளு உன் வலைய இழுக்கறோம். மிச்ச ரெண்டு நாளு எங்கள இட்டுக்கினு சுத்து."

 அருள் சரி என்றான். தேவிதான் புலம்பினாள். "லீவு போட்டும் ஷிஃப்டா?"

பஸ்ஸில் கலையைக் கேட்டேன், அப்புறம் ஏன் இத்தனை நாள் இழுத்தாய் என்று.

"எனக்குத் தண்ணின்னா பயம்டி. சின்ன வயசுல கால்வாய்ல முழுகிட்டேன். சொன்னா நீங்களும் போவ மாட்டீங்க. அதான் சொல்லல. இன்னிக்கு எல்லாம் போச்சின்னதும் மனசு கேக்கல."

இத்தனை வருஷம் சொல்லவில்லை, கழுதை. கவரைப்பேட்டை வரை அவள் கையை விடவில்லை நான். அடுத்த மாதம் இந்த பஸ்ஸில் இவள் இல்லை.

13, வெள்ளி

பனி. லேசான காற்று. துறையில் பை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தேவி கரையிலேயே மாத்திரை போட்டாயிற்று. ஸ்டெல்லா தம்பியோடு சண்டை, பாய்க் கயிற்றை யார் பிடிப்பது என்று.

கலை எல்லாருக்கும் முன்னால் ஏறிவிட்டாள். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், கண் இரண்டும் இறுக்க மூடி, கை வலையைப் பற்றிக்கொண்டு.

நானும் பலகையில் கால் வைத்துப் பார்த்தேன். படகு ஆடியது. கால் பின்னால் வந்துவிட்டது. திட்டம் போட்டவள் நான்.

கலை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுகிறாள். "இன்னாடி எழுதிக்கினு கீறே. வா, நான் புடிச்சிக்கறேன்."