நீ விழுங்கும் சத்தம்

டோர்செட் பார்க், ஸ்காபரோ.
சனிக்கிழமை காலை

என் அன்பு மகள் ஸ்டெபனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய ட்ரக் இப்போது வினிபெக் பக்கம் நிற்கிறது, திங்கட்கிழமை வந்துவிடுவார். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய், என் கைக்கெட்டும் தூரத்தில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாய், பிறந்து இருபத்துமூன்று நாள். ஆனால் நான் சுகம் விசாரிப்பது உன்னை இல்லை, இன்னும் எத்தனையோ வருடம் கழித்து எந்த ஊரிலோ உன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கப்போகிற பெரிய ஸ்டெபனியை. அவள் எப்படி இருப்பாள், என்னைப்போல வாய் திறக்கக் கூச்சப்படுவாளா, அப்பாவைப்போல எல்லோரோடும் கதைப்பாளா, அவள் காலத்தில் போன் என்ற ஒன்று கையில் இருக்குமா, காதுக்குள் இருக்குமா, இதையெல்லாம் அறிய எனக்கு ஆசையாக இருக்கிறது.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். எனக்கு வயது பத்தொன்பது. பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்போடு நின்றுவிட்டது. படித்த காலத்தில் இடாப்புக் கூப்பிடும்போது என் குரல் ரீச்சருக்குக் கேட்காது, வகுப்பில் இருந்தபடியே எத்தனையோ நாள் வராத கணக்கில் போயிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு நீ பிறந்த அன்றிலிருந்து போன் ஓயவில்லை. மன்னாரில் இருந்து, லண்டனில் இருந்து, தினமும் காலை பத்து மணிக்குப் பாரிசில் இருந்து அப்பாவின் பெரியப்பா அமிர்தநாதர். பிறகு எடுங்கோ என்று ஒருவருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பால் குடிக்கும் நேரம் கமராவை நிறுத்திவிட்டு ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கதைக்க ஒருவரும் இல்லாத நேரத்தில் பூனை வீடியோ பார்ப்பேன். இதோடு பால் கொடுப்பதைக் குறித்துவைக்க ஒரு ஆப்பும் வைத்திருந்தேன். தொடங்கும்போது ஒரு தட்டு, முடியும்போது ஒரு தட்டு, அது ரோஸ் நிறத்தில் கோடு போட்டு நட்சத்திரம் தரும். ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து நிமிடம், நாளுக்கு எட்டுத் தடவை. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத நட்சத்திரம் எல்லாம் இங்கே கிடைத்தது. அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புவேன், அவர் வழியில் மற்ற ட்ரைவர்மாருக்குக் காட்டிப் பெருமைப்படுவார்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, கிளினிக்கில் உன்னைத் தராசில் வைத்தார்கள். மூன்று கிலோ நூறோடு பிறந்தவள் இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது இருந்தாய். இந்நேரம் பிறந்த நிறைக்காவது திரும்பியிருக்கவேண்டும், வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவா, அன்றைக்கும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டி வரும் என்று நேர்ஸ் சொன்னார். நான் போனைத் திறந்து ரோஸ் கோடுகளைக் காட்டினேன். நன்றாகத்தானே கொடுக்கிறாய், பிறகு ஏன் என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, இங்கே ஒருமுறை பால் கொடு, பார்க்கிறேன் என்றார். அந்நியர் முன்னால் சட்டையைத் திறக்க வெட்கப்பட்டு, இப்போதுதான் குடித்தாள் என்று பொய் சொன்னேன். உன் நிறையை வைத்துக்கொண்டு பொய் சொன்ன அம்மா உன் அம்மா, இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பஸ்ஸில் வரும்போதே போனில் சார்ஜ் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் செருகிவிட்டு உனக்குப் பால் கொடுத்தேன். பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் உன்னைப் பார்த்தேன். நேர்ஸ் தனக்குத்தானே கேட்ட அந்த ஏன் எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நீ உறிஞ்சினாய், தாடை இறங்கி ஏறியது, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் உன் காது மெல்ல அசைந்தது, தொண்டையில் க் என்று சின்னச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், நாலு நிமிடம். வாய் மார்பில்தான் இருந்தது, உதடு இடைக்கிடை துடித்தது, ஆனால் நீ தூக்கம். மிச்ச இருபத்தொரு நிமிடமும் இப்படித்தான் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ குடிக்காத பாலுக்கு நான் நட்சத்திரம் வாங்கியிருக்கிறேன். உள்ளங்காலைச் சுரண்டினேன், ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்தேன், பக்கம் மாற்றிவிட்டேன், க் திரும்ப வந்தது. அடுத்த முறை சும்மா பரீட்சித்துப் பார்ப்போம் என்று போனைத் தோளோரம் பிடித்தேன். நீ உறிஞ்சுவதை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தாய். அணைத்தேன். கொஞ்சம் தேடிவிட்டு என் நெற்றியில் முடி தொடங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாய். அங்கே என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியாது, கண்ணாடியிலும் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை பால் நேரம் வந்ததும் கரண்டி வைக்கிற லாச்சியை இழுத்து, போனை அதற்குள் போட்டுத் தள்ளி மூடினேன். பத்து மணிக்குக் கரண்டிகள் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. ஏழு தரம் அடித்துப் பார்த்த அமிர்தநாதர் பெரியப்பா பயந்துபோய், ட்ரக் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் போனில் பிடிக்க, அப்பா கீழ்வீட்டு எமில்டா அன்ரியைப் பிடிக்க, அன்ரி மா பிசைந்த கையோடு கதவைத் தட்டி, பிள்ளை, உயிரோட இருக்கிறியோ, பாரிசில செத்தவீடு கொண்டாடுறாங்கள் என்றா. அவவின் போனிலேயே பெரியப்பா காத்துக்கொண்டிருந்தார். நீ மார்பில், அரைவாசிதான் குடித்திருந்தாய். உன்னை ஒரு கையால் அணைத்துக்கொண்டு போனுக்குக் குனிந்தேன். பெரியப்பா, பிள்ளை பால் குடிக்கேக்க நான் இனிப் போன் எடுக்கமாட்டன், முடிய நானே எடுக்கிறன் என்று சொல்லிவிட்டேன். அவர், ஓம் எண்டதைவிட வேற சொல்லும் உனக்குத் தெரியும் எண்டு இண்டைக்குத்தான் அறியிறன் பிள்ளை, சரி சரி, முதல்ல அவளுக்குக் குடு என்றார். அன்ரி உன் காலைச் சுரண்டியபடி, உவர் கோவிக்கேல்லை, பயந்தவர், அவ்வளவுதான் என்றா.

அந்த வெள்ளிக்கிழமை கிளினிக்கில், நான் பால் கொடுக்கிறன், பாருங்கோ என்று நானாகவே நேர்ஸிடம் கேட்டேன், செவ்வாய்க்கிழமை சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தார், சத்தம் கேட்கிறது என்று சிரித்தார். தராசு இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எழுபது காட்டியது. மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்தினேன். அடுத்த வெள்ளி, அதாவது நேற்று, மூன்று கிலோ இருநூறு.

அதற்காக நான் போனை வெறுத்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்பாவின் முகம் அதில்தான் வருகிறது, பூனைகளை இன்றைக்கும் பார்த்தேன், நீ தூங்கியபிறகு. பால் நேரத்தில் மட்டும் அது லாச்சியில். அந்த ஆப்பையும் எடுத்துவிட்டேன், அதற்குத் தெரிந்தது என் விரல் மட்டும்தான். ஞானஸ்நானம் வரும் மாதம், அமிர்தநாதர் பெரியப்பா நேரிலேயே வருவாராம், போனில் பிடிக்க முடியாதவளை நேரில்தானே பார்க்கவேண்டும் என்கிறார்.

நீ புரளுகிறாய், வாய் தேடத் தொடங்கிவிட்டது, முடிக்கிறேன். மாதா உன்னையும் உன் பிள்ளையையும் காக்கட்டும், குறைவில்லாமல் வளருங்கள். ஒன்றை மறக்காதே, உன் பிள்ளை குடிக்கும்போது காதைப் பார், அது அசைகிறதா என்று பார். அந்த நேரம் நான் போன் அடித்தால் எடுக்காதே. ஏழு தரம் அடித்தாலும் எடுக்காதே. நான் பயப்படமாட்டேன், உன் வீட்டுக் கதவைத் தட்ட யாரையும் அனுப்பவும் மாட்டேன், குடித்து முடியும் மட்டும் இங்கே காத்திருப்பேன்.

இப்படிக்கு
உன் முகத்தை இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிற அம்மா,
ஜூலி