உதிர்ந்த அத்திப் பிஞ்சுகள்

மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை, கவலைப்படாதே.

நாங்கள் கூலிக்குப் போகும் அத்தித் தோட்டத்தில் மருந்தடித்த அன்று இருந்தவர்கள் நான், உன் மாமியார், புது மேஸ்திரி, மூன்றே பேர். அத்தியில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரத்துக் காய்களைப் பையில் போட்டுப் பெண் மரத்தில் கட்டுவது எங்கள் வேலை. அந்தக் காய்க்குள்ளிருந்து கொசுவைவிடச் சின்னக் குளவிகள் மகரந்தத்தோடு வந்து பெண் மரத்துப் பிஞ்சுக்குள் நுழையும். நுழைந்தால்தான் பிஞ்சு பழமாகும். குளவி மொய்ப்பதைப் பார்த்த மேஸ்திரி, "ஐயோ, பூச்சி விழுந்திருச்சு!" என்று மருந்தை அடித்துத் தீர்த்துவிட்டான்.

"யோவ், அதுங்க இல்லேன்னா பழமே இல்லய்யா!" என்று கத்தினேன்.

"சும்மா இரு கெழவி!" என்றான்.

பிஞ்செல்லாம் உதிர்ந்ததும் முதலாளி வந்தார். "கெழவி நேரங்கெட்ட நேரத்துல பையைக் கட்டுச்சுங்க," என்று கூசாமல் சொன்னான். முதலாளி உன் மாமியாரைக் கேட்டார்.

"எனக்கொண்ணும் தெரியாதுங்க ஐயா," என்றாள் மகராசி. நான் பை கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்! மருந்து நெடியில் இருமியவள்! இப்போது என்னை மரத்துப் பக்கமே விடுவதில்லை, கூடை கழுவுகிறேன்.

தைலம் ஒரு புட்டி அனுப்பு. முதுகில் தேய்த்துவிட்டது உன் மாமியார்தான், இனி ஆளில்லை. இருந்தாலும் அனுப்பு. பேத்தி பேசுவதைப் போனில் பதிந்து அனுப்பு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

மேஸ்திரிக்குக் குளவியைத் தெரியாது, தொலையட்டும். முதலாளிக்கு என்னைத் தெரியாது. எல்லாம் தெரிந்த உன் மாமியாரைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். மாப்பிள்ளையிடம் வேண்டுமானாலும் சொல்.