பூங்காப் பாறையின் அலை வரிகள்

அனுப்புநர்:
ஆய்வக உதவியாளர்,
நிலவியல் துறை, நகரக் கல்லூரி.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: பூங்காப் பாறையைச் சமன்செய்யும் உத்தரவையும், அதையொட்டி என் கணவருக்கு வந்த நோட்டீஸையும் ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பூங்காவின் வடக்கு வாசலருகே உள்ள பாறையைத் தங்கள் பொறியாளர் பார்வையிட்டு, ‘படிகள் அலை அலையாகத் தேய்ந்துள்ளன; சிமெண்ட் பூசிச் சமன்செய்க’ என்று எழுதியுள்ளார். அவருடைய அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவை படிகள் அல்ல. அலை அலையாக இருப்பதற்குக் காரணம், அவற்றைப் போட்டதே அலைகள்தான்.

2. சுமார் நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாக் கடல் இருந்தது. அடிமணலில் தண்ணீர் வரைந்த வரிகள்மேல் மேலும் மணல் மூடி, புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மணல்மணிகள் ஒன்றோடொன்று இறுகி, குவார்ட்சைட் என்னும் கடும்பாறை ஆயின. சாதாரண மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றிப் பிளக்கும். இது மணிகளையே பிளந்துகொண்டு உடையும். ஆய்வகத்தில் இவ்வகைக் கல்லை அறுத்து நான் தேய்த்துத் தீர்த்த பிளேடுகளைக் கேட்டால் தெரியும்.

3. அந்த வேலை ஒதுக்கப்பட்ட கொத்தனார் என் கணவர் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் நாள் பூசிவிட்டு வந்து, “உன் பாறையை வழவழன்னு ஆக்கிட்டேன், போய்ப் பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். அன்று முழுதும் அவரோடு நான் பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

4. மறுநாள் காலை அவரை அழைத்துச் சென்று, பூசாத பகுதியில் அவர் கையை எடுத்து வைத்தேன். இருபது வருடம் மணல் சலித்த கை. சற்று நேரம் தடவிப் பார்த்தவர், “மழ விட்டதும் மணல் குவியல் ஓரத்துல இப்படித்தான வரி விழும்? அடிப்பாவி, இதுமேலயா என்னப் பூச விட்ட?” என்றார். விட்டது நானல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உடனே உட்கார்ந்து, சிமெண்ட் முழுதாக இறுகுமுன் சுரண்டத் தொடங்கினார். மூன்றில் இரு பங்கு வந்துவிட்டது.

5. இதற்காக, ‘முடிந்த பணியைச் சேதப்படுத்தியதாக’ அவருக்கு நோட்டீஸ் வந்துள்ளது. தன் வேலையைத் தானே பிரித்த கொத்தனாரை ஒப்பந்தப் பட்டியலிலிருந்து நீக்குவார்களாம். வரும் திங்கட்கிழமை வேறொருவர் வரிகளையே அறுத்துச் சமன்செய்ய இயந்திரத்தோடு வருகிறாராம். சிமெண்டைச் சுரண்டலாம், ஐயா. அறுத்ததை ஒட்ட இன்னொரு கடல் வேண்டும்.

6. ஆகவே உத்தரவை நிறுத்தி, நோட்டீஸைத் திரும்பப் பெற்று, மீதிச் சிமெண்டையும் என் கணவரே எடுக்க அனுமதிக்க வேண்டுகிறேன். கூலி வேண்டாம் என்கிறார். இப்படி அவர் சொல்வது அபூர்வம், சீக்கிரம் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. ஒரு தகவல். நேற்று மாலை தங்கள் பொறியாளர் தனியாக வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, அந்த வரிகள்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்ல நடந்தார். பிறகு உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக எண்ணினார். அவரைச் சாட்சியாகச் சேர்க்கவில்லை, கூச்சப்படுவார். தாங்களே தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

தங்கள் நல்ல முடிவை நம்பி,

நாள்: மார்ச் 11, புதன்
இடம்: பூங்கா வடக்கு வாசல்

(ஒப்பம்) ஆய்வக உதவியாளர்
(ஒப்பம்) மேற்படியாரின் கணவர், கொத்தனார்