பின்னறையில் ஒரு சிரிப்பு

பெருங்களத்தூர்
8.6.2024

அன்புள்ள ரத்தினா,

போன் அடித்தாலே போலீஸ் ஸ்டேஷனோ என்று பதறுவதாகச் சொன்னாய். அதனால்தான் கடிதம். கூடவே ஒரு துப்பறியும் நாவல். பயப்படாதே, ரத்தமே கிடையாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்டில் செத்துக் கிடக்கிறார். மாடி வீட்டு மாமி துப்பறியக் கிளம்புகிறாள். கொலைகாரனைத் துரத்தும்போதே, "ஐயோ, அடுப்பில் பால்!" என்று திரும்பி ஓடுகிறாள். பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர், "இன்னா மேடம்?" என்றார்.

ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் இப்படி எத்தனை புத்தகம் மாற்றி மாற்றிப் படித்திருப்போம்! உன் வீட்டுக்காரர் ஏரிக்கரைக்கு நடக்கப் போய்த் திரும்பாத இந்த ஒரு வருஷமாக நீ எதையுமே தொடவில்லை. இதைப் படி.

உன்
திரிபுரசுந்தரி


செம்பாக்கம்
20.6.2024

அருமை சுந்தரி,

கர்த்தர் கிருபையால் நலம். மாமி இன்ஸ்பெக்டருக்கு அடை வார்த்துப் போட்டே விஷயத்தைக் கறக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே பின்னறையிலும் ஒரு சிரிப்பு. என் வீட்டுக்காரர் எலியேசர் சிரிப்புதான். முதலில் மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் இருமல். ஓடினேன். யாரும் இல்லை. நான் போடாத ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

அதே பக்கத்தை மறுபடி உரக்கப் படித்தேன். மறுபடி சிரித்தார்.

பயமில்லை சுந்தரி. இன்னும் இரண்டு புத்தகம் அனுப்பேன். நல்ல சிரிப்பாக இருக்கட்டும்.

ரத்தினபாய்


பெருங்களத்தூர்
2.7.2024

ரத்தினா,

புத்தகம் அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே, எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நாவல்களில் என்ன நடந்தாலும் கடைசியில் எல்லாம் தெரிந்துபோகும். எல்லாரும் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அந்த நிம்மதி கொஞ்சம் உனக்கும் கிடைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். அந்த வீட்டில் தனியாக இருக்காதே. கிளம்பி வா.

சுந்தரி


செம்பாக்கம்
15.7.2024

அன்புச் சுந்தரி,

உன்மேல் கோபம்தான். இருக்கிற புத்தகத்தையே தினமும் அவருக்காகப் படித்தேன். நேற்று சாயங்காலம் அவர் சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. உயிரோடு எங்கேயோ இருக்கிற மனுஷன் என் பின்னறையில் எப்படிச் சிரிப்பார்? அவர் போய்விட்டார் என்று ஊரெல்லாம் சொல்லியும் நான் நம்பவில்லை. அவரே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனை வைக்கும்படி ஆயரிடம் கேட்டிருக்கிறேன். நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்புறம் உன்னோடு வருகிறேன்.

சாவி எடுக்காமல் போனவர் என்று வாசல் கேட்டை இத்தனை நாளும் பூட்டியதே இல்லை. இன்றைக்குப் பூட்டினேன். பூட்டிவிட்டு, உள்ளே ஏதாவது கேட்கிறதா என்று நின்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை, சுந்தரி.

ரத்தினா